எலியாவுக்குப் போட்ட நாற்காலி

ஆசீர் தனசிங்குக்கு ரோமாபுரி மேல் இருந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட பக்கத்து வயல்காரன் மேல் வருகிற கோபம். கான்ஸ்டன்டைன் பேரரசன் செத்து ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆகப்போகிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. வேலை முடிந்து மெட்ரோ ரயிலில் சிட்னியின் கெல்லிவில்லுக்கு வந்து சேரும்வரை அதைப் பற்றிய சொற்பொழிவு ஏதாவது காதில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் நுழையும்போது முகம் சிவந்திருக்கும். "ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்பதை மனைவி ஹெப்சிபா விட்டு நாளாகிவிட்டது. "இன்னைக்கு யாரு? கான்ஸ்டன்டைனா, ஹாட்ரியனா?" என்று மட்டும் கேட்பாள்.

தனசிங் திருநெல்வேலிக்காரர், ஐம்பதைத் தொடப்போகிறவர். வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. துங்காபியில் ஓர் ஆங்கிலச் சபையின் கூடத்தில் ஞாயிறு பிற்பகல் கூடும் தமிழ்ச் சபைக்குப் பத்து வருஷமாக அவர்தான் செயலர். போதகர் மாதத்துக்கு இரண்டு முறை மெல்பர்னிலிருந்து வந்து போகிறவர் என்பதால், மற்ற நாட்களில் செயலர் வைத்ததே சட்டம். அந்த அதிகாரத்தை அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்று சொல்ல முடியாது. பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் தவக்காலத்தில் புதன்கிழமைதோறும் ஜூமில் ஆறு வார வேதபாடம் நடத்தினார். தலைப்பு, 'ரோம் வெட்டிய வேர்'. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், நன்றாகவே நடத்தினார். இயேசு யூதராகப் பிறந்து, யூதராக ஓய்வுநாளை ஆசரித்து, பஸ்கா என்னும் விடுதலைத் திருநாள் பந்தியில் உட்கார்ந்துவிட்டுத்தான் சிலுவைக்குப் போனார். முதல் சீஷர்கள் எருசலேம் தேவாலயத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த யூதர்கள். இதெல்லாம் ஞாயிறு பள்ளியில் படித்ததுதான், ஆனால் யாரும் இப்படி அடுக்கிச் சொன்னதில்லை. பிறகு ரோம் கை வைத்தது. தேவாலயத்தைக் கொளுத்தியது. யூதன் என்றால் தனி வரி என்றது. 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று சொல்லிக்கொள்வதில் யூதரல்லாத புறஜாதிக் கிறிஸ்தவர்களுக்கு அப்போதே ஒரு சௌகரியம் வந்துவிட்டது. ஹாட்ரியன் எருசலேமின் பேரையே மாற்றி, யூதர்கள் அதற்குள் கால்வைக்கக் கூடாது என்றான். கடைசியில் கான்ஸ்டன்டைன் சபைக்குள் வந்தான், சபை அரண்மனைக்குள் போனது.

ஐந்தாம் வாரம், கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா ஆலோசனைச் சங்கத்துக்கு வந்தபோது தனசிங்கின் குரல் தழுதழுத்தது.

"அதுவரைக்கும் கிழக்குப் பக்கத்துச் சபைங்க சிலது யூதங்க கணக்கை வச்சுத்தான் ஈஸ்டர் பண்டிகை நாளைக் குறிச்சாங்க. பேரரசர் என்ன எழுதுறார்? அந்த ஜனங்களோட நமக்கு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே நாள், நாம வைக்கிற நாள்ங்கிறார். ஹாட்ரியன் வாளால செஞ்சதை இவர் காலண்டரால செஞ்சுட்டார். நல்லா கவனிங்க, யாரையும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளல. நாளை மாத்துனார். பழைய நாளுக்கு வந்து நின்னவன் கதவு பூட்டிக் கெடக்கிறதைப் பாத்தான்."

திரையில் முப்பத்திரண்டு சின்னக் கட்டங்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் கேமராவை அணைத்திருந்தார்கள்.

வெறும் பேச்சோடு விடுகிறவர் இல்லை தனசிங். அறுந்த வேரை ஒட்டவைக்க, சபையாகச் சேர்ந்து ஒரு பஸ்கா பந்தி நடத்துவதென்று வேதபாடம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்திருந்தார். புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை, ஆட்டுக் கால் எலும்பு, எல்லாம் யூத முறைப்படி. ஆன்லைனில் வாங்கிய எக்காளத்தைக் கொல்லைப்புறத்தில் ஊதிப் பழகினார். பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பதில் சொன்னது. ஒரே ஒரு சிக்கல். யூதர்களின் காலண்டரில் பஸ்கா அந்த வருஷம் ஒரு புதன்கிழமை மாலையில் விழுந்தது. புதன்கிழமை கூடம் கிடைக்காது, அவருக்கும் ஆபீஸில் தலைபோகிற வேலை. ஆகவே பஸ்காவை அதற்கு முந்திய சனிக்கிழமைக்கு நகர்த்தினார். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலி நாள் இல்லை. மார்ச் கடைசிச் சனி, சபையின் அசனம்.

திருநெல்வேலிச் சபைகளைத் தெரிந்தவர்களுக்கு அசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆலயப் பண்டிகையன்று பெரிய அண்டாக்களில் சோறும் கறியும் ஆக்கி, வந்தவர்களை எல்லாம் பந்தியில் உட்காரவைத்துப் போடுவது. எந்தத் தெரு, எந்தச் சாமி என்று பந்தியில் கேட்கக்கூடாது. சிட்னியில் அதை ஆரம்பித்துவைத்தவரே இந்தத் தனசிங்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது கெல்லிவில் வீடு இல்லை. தற்காலிக விசாவும் வெண்ட்வொர்த்வில்லில் இரண்டு அறை பிளாட்டும்தான். முதல் அசனத்தில் சோறு மிஞ்சிப் போய் அவர் முழித்துக்கொண்டிருந்தபோது, சபையில் மூத்தவரான யாழ்ப்பாணத்து யோகா அன்ரி, "தம்பி, வில்லாவுட் முகாமிலை எங்கட பெடியள் கிடக்கிறாங்கள். கொண்டுபோய்க் குடுமன்" என்றார்.

அகதிகளை அடைத்துவைக்கும் அந்தத் தடுப்பு முகாமுக்குள் அந்த நாட்களில் வெளிச்சாப்பாட்டை விடுவார்கள். தனசிங் பாத்திரங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பார்வையாளர் அறையில் கஜீவன் என்ற இருபத்துநாலு வயதுப் பையன், படகில் வந்து பிடிபட்டவன், தட்டைத் தொடாமல் அவரையே பார்த்தான்.

"அண்ணை, இதைச் சாப்பிட்டால் நான் உங்கட வேதத்துக்கு மாறவேணுமோ?"

"அசனத்துல அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க தம்பி. பசிச்சாப் போதும்."

கஜீவன் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான். முகாமை விட்டு வெளியே வந்த வருஷத்திலிருந்து அசனத்துக்குக் கறி ஆக்குவது அவன் கை. இப்போது டைல்ஸ் ஒட்டும் வேலை. சொந்தமாக வேன் இருக்கிறது. நெற்றியில் திருநீற்றோடு விடியற்காலையிலேயே வந்து கூடத்தின் பின்புறம் அடுப்பை மூட்டுவான். திருநெல்வேலி அசனம் யாழ்ப்பாணக் கறித்தூளில் வெந்து மணக்கும். அவனோடு முகாமில் இருந்தவர்கள், அவர்கள் கட்டிய பெண்கள், பெற்ற பிள்ளைகள், வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லாருமாக நூற்றைம்பது பேர் வருவார்கள். கஜீவன் சபையின் உறுப்பினன் இல்லை, ஒரு ஞாயிறும் வந்ததில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் தனசிங் ஃபோன் செய்து "கடைசிச் சனி, தம்பி" என்பார். அவன் "ஓம் அண்ணை" என்பான். அழைப்பிதழ் அதுதான். அந்த ஜனவரியில் அது போகவில்லை.

கமிட்டியில் தனசிங் மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அசனம் வேதத்தில் இல்லை. பஸ்கா இருக்கிறது. இரண்டுக்கும் கூடம் ஒன்றுதான்.

"அசனம் இல்லாட்டி எங்கட ஆக்கள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டினம், தம்பி" என்றார் யோகா அன்ரி.

"அன்ரி, அது நம்ம ஊர்ப் பழக்கம். இங்க வந்தும் அதைக் கட்டிக்கிட்டு இருந்தா வேதத்தின் வேரைப் பிடிக்க முடியாது."

போதாததற்குக் கூடத்துக்குச் சொந்தக்கார ஆங்கிலச் சபைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். வளாகத்தில் வெளியடுப்பு மூட்டச் சட்டப்படி அனுமதி இல்லை என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்த முடியுமா? எங்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, அந்த வாசனை எங்களுக்குப் பிடிக்கும், ஆனால் நீங்கள் விரும்பினால் எழுதித் தருகிறோம் என்று பதில் வந்தது. விரும்பினார். எழுதித் தந்தார்கள். பிறகு உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை போனது: 'இவ்வருடம் முதல் அசனம் இல்லை. பழைய ஊர் வழக்கங்களோடு நமக்கு இனி ஒட்டு வேண்டாம். அனைவருக்கும் ஒரே பந்தி, பஸ்கா பந்தி. முன்பதிவு அவசியம்.' ஹெப்சிபா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இது நீங்க எழுதினதா, உங்க பேரரசர் எழுதினதா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"கஜீவனுக்கு ஆர் சொல்லுறது?" என்று கமிட்டியிலேயே யோகா அன்ரி கேட்டிருந்தார். "நானே சொல்றேன் அன்ரி" என்று தனசிங்கும் ஏற்றிருந்தார். குறிப்பேட்டில்கூட இருக்கிறது.

சொல்லவில்லை. ஆறு வாரம் இருந்தது. ஃபோனை எடுப்பார், அவன் பேரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். அவன் வேலையில் இருப்பான் என்பார். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரம் என்பார். என்ன சொல்வது? வில்லாவுட்டில் பசித்தால் போதும் என்றேன், இப்போது முன்பதிவும் வேண்டும் என்றா? அவன் எப்படியும் கேள்விப்பட்டிருப்பான் என்று தனக்குத் தானே சமாதானம் செய்துகொண்டார். பந்திக்கு இரண்டு வாரம் முன்பு ஆராதனை முடிந்து, "சொல்லிப்போட்டீரோ?" என்று யோகா அன்ரி கேட்டபோது, "சொல்லிட்டேன் அன்ரி" என்று வாய் சொல்லிவிட்டது. பொய் அது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதற்காகவும் அவர் ஃபோன் செய்துவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கூடம் வெள்ளை விரிப்பில் பளபளத்தது. அறுபது இடம், வந்தவர்கள் நாற்பத்தொருவர். பதிவு செய்யாதவர்கள் நடுவில் நுழைந்து ஒழுங்கைக் கெடுத்துவிடக் கூடாதே என்று வாசல் கதவைத் தனசிங் உள்ளிருந்து பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர், அவரோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ரேச்சல் பெண்கர். அசல் யூதப் பெண்மணி என்று வேதபாடத்தில் பெருமையாக அறிவித்திருந்தார். சபையார் எதிர்பார்த்தது ஒரு வெள்ளைக்காரியை. வந்தவர் நம்மைப் போன்ற நிறத்தில், சல்வார் கமீஸில், மும்பையிலிருந்து வந்தவர். நூற்றுக்கணக்கான வருஷமாகக் கொங்கணக் கடற்கரையில் இருந்த யூதர்கள் தாங்கள் என்று அவர் சொல்ல, சபையில் பலருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

எக்காளத்தைத் தனசிங் ஊதினார். லாரி பின்னால் வருகிற சத்தம் போல ஏதோ கேட்டது. தட்டுகளில் ஆளுக்கு ஒரு துண்டு காய்ந்த அப்பமும் இரண்டு கீரை இலையும். நடுத் தட்டில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ஒரே ஓர் ஆட்டுக் கால். ரேச்சல் தட்டைப் பார்த்தார், தனசிங்கைப் பார்த்தார்.

"சோறு எப்போது வரும்?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"பஸ்காவில் சோறு கூடாதே" என்றார் தனசிங்.

"அது ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு. எங்கள் வீட்டில் சோறு இல்லாமல் பஸ்கா இல்லை. அவர்கள் ஒருகாலத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பாடம் நடத்த வந்தார்கள், பாவம்." ரேச்சல் சிரித்தார். பிறகு மேசையின் தலைப்பக்கத்தில் பட்டுத் துணி போர்த்தி, 'எலியா' என்று அட்டை வைத்திருந்த நாற்காலியைக் காட்டினார். "அது யாருக்கு?"

"எலியா தீர்க்கதரிசிக்கு."

"பஸ்காவில் அவருக்குக் கிண்ணம்தான் வைப்போம். நாற்காலி போடுவது ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும்போது."

தனசிங் பஸ்கா வழிபாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அரமேய வரியை முதலில் தட்டுத்தடுமாறி வாசித்தார். அதன் தமிழைக் கணீரென்று வாசித்தார்: "பசியாயிருக்கிற எவரும் வந்து புசிக்கட்டும்." சட்டைப்பையில் சாவி கனத்தது. யோகா அன்ரி மூன்றாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எலியாவுக்குக் கதவு திறப்பது சாப்பாட்டுக்குப் பிறகு வர வேண்டிய சடங்கு. எட்டு மணிக்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் தனசிங் அதை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார். "இப்ப எல்லாரும் எழுந்து நில்லுங்க. தீர்க்கதரிசி வருவார்ங்கிற நம்பிக்கையில கதவைத் திறக்கப் போறோம்." எல்லாரும் நின்றார்கள். அவர் நடந்துபோய்ச் சாவியைப் போட்டுத் திருப்பி, இரண்டு கதவையும் விரியத் திறந்தார்.

வாசலில் கஜீவன் நின்றான். நெற்றியில் திருநீறு, காலடியில் துணி கட்டிய பெரிய அண்டா. அவனுக்குப் பின்னால் வேன். வேனுக்குப் பின்னால் புல்தரையில் முப்பது நாற்பது பேர், பிள்ளைகளோடு, சத்தம் போடாமல். கறியின் மணம் அவர்களுக்கெல்லாம் முன்னால் கூடத்துக்குள் போய்விட்டது.

"எலியா இவர்தானா?" என்று கேட்டார் ரேச்சல். அவர் உண்மையாகவே கேட்டார்.

கஜீவன் உள்ளே எட்டிப் பார்த்தான். வெள்ளை விரிப்பு, மெழுகுதிரி, எழுந்து நிற்கும் சனம். "என்ன அண்ணை, ஆரும் செத்துப் போச்சினமோ?" என்றான். பிறகு மெதுவாக, "அசனம் இண்டைக்குத்தானே?"

"உனக்கு... மெயில் வரலையா தம்பி?"

"எனக்கு ஆர் மெயில் போடுறது? நான் உங்கட லிஸ்ட்டிலை இல்லையே. நீங்கள் ஃபோனிலைதானே சொல்லுறனீங்கள். இந்த முறை ஃபோன் வரேல்லை, வேலை கூட எண்டு நினைச்சன். நாள் மாறாதுதானே எண்டு வெளிக்கிட்டு வந்தனான்."

நாற்பத்தொரு பேரும் கேட்டார்கள். அதில் வேதபாடத்துக்கு வந்தவர்களுக்கு ஐந்தாம் வாரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். தனசிங்குக்குத் தன் குரலே காதுக்குள் கேட்டது. அவமானமாக இருந்தது, வேறு சொல் இல்லை.

கஜீவன் அவரைத் தாண்டி உள்ளே வரவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணை, நான் உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை.

தனசிங் குனிந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். கஜீவன் மறு காதைப் பிடித்தான். சூடு கையைச் சுட்டது. இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து, வேறு இடம் இல்லாததால், எலியாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

"சோறு?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ர காரிலை இருக்கு" என்றார் யோகா அன்ரி, சாவியை ஆட்டிக்கொண்டு. "மூண்டு சட்டி, பருப்பும் கிடக்கு. ரெண்டு பேர் வாங்கோ, தூக்க." ஹெப்சிபா முதல் ஆளாகப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது பஸ்காவா அசனமா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை விரிப்பில் குழம்பு சிந்தியது. கீரை இலைகளைப் பிள்ளைகள் மேசைக்கடியில் போட்டார்கள். ரேச்சல், இறைச்சி தனக்கு ஆகாது என்று சொல்லி, சோறும் பருப்பும் வாங்கிக்கொண்டு, இதுதான் கொஞ்சம் பஸ்கா மாதிரி இருக்கிறது என்றார். தனசிங் கரண்டியோடு வரிசை வரிசையாகப் போனார். உட்காரச் சொல்லி எலியாவின் நாற்காலியை அவரே இழுத்துவிட்டும் கஜீவன் உட்காரவில்லை. அட்டையில் வேறு ஆளின்ர பேர் இருக்கு என்றான்.

எட்டு மணிக்குக் கூடம் காலியானது. பின்புறக் குழாயடியில் இருவரும் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போய்விட்டிருந்தது. தனசிங் நெடுநேரம் தேய்த்த இடத்தையே தேய்த்துவிட்டு, கடைசியில் சொன்னார்:

"நான்தான் தம்பி சொல்லாம விட்டேன். ஆறு வாரம் ஃபோனைக் கையில வச்சிருந்தேன். சொல்றதுக்கு எனக்கு முகம் இல்ல."

"தெரியும் அண்ணை. அசனம் இல்லையாம் எண்டு யோகா அன்ரி போன கிழமையே ஃபோன் எடுத்துச் சொன்னவ. நீங்கள் சொல்லாமல் நான் அதைக் கணக்கிலை எடுக்கேல்லை."

தனசிங் கையை நிறுத்தினார். "தெரிஞ்சா வந்த? கதவு பூட்டியிருந்துச்சே. ஏன் தட்டல?"

கஜீவன் அண்டாவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தான். "பத்து நிமிசம் நிண்டனாங்கள். சனம் தட்டச் சொல்லிச்சு, நான் விடேல்லை. நாளுக்கு வாறது என்ர வேலை அண்ணை. கதவைத் திறக்கிறது உங்கட வேலை. நீங்கள் திறப்பியள் எண்டு எனக்குத் தெரியும். திறந்தனீங்கள்தானே?"

அவன் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னான். அந்தக் கதவைத் தான் திறந்தது யாருக்காக என்பதை அவனிடம் சொல்லத் தனசிங்குக்கு வாய் வரவில்லை.